டூட்டி லிஸ்ட்டுக்கு நடுவே மாரத்தான் தகுதி நேரம்: வேலூரில் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது?

கேள்வி: சத்துவாச்சாரி செவிலி

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். வீடு சத்துவாச்சாரியில். வயது 43, வரும் மார்ச்சில் 44 நிறைகிறது. கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர். மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. மாமியாருக்கு நீரிழிவு இருப்பதால் காலையில் அவருக்கு ஊசி போட்டு, நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பதும் என் பொறுப்பே.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் உடன் பணிபுரியும் தோழி ஒருவருடன் கோட்டை அகழியை ஒட்டி நடக்கத் தொடங்கியது, மெல்ல ஓட்டமாக மாறியது. இதுவரை 21 கிலோமீட்டர் கொண்ட ஹாஃப் மாரத்தான் மூன்று ஓடியிருக்கிறேன். அவற்றில் சிறந்த நேரம் 1 மணி 52 நிமிடம். கடந்த ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக முழு மாரத்தான் ஓடி 4 மணி 2 நிமிடத்தில் முடித்தேன். முதல் 30 கிலோமீட்டரை 2 மணி 45 நிமிடத்தில் கடந்துவிட்ட எனக்கு, எஞ்சிய 12 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 77 நிமிடம் ஆனது. கால்கள் என் சொல்லைக் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து, வேறொரு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடித்து, அமெரிக்காவில் நடக்கும் பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி பெற வேண்டும் என்ற எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை. 1967ஆம் ஆண்டு காத்ரின் சுவிட்சர் என்ற பெண் எண் அட்டையுடன் அந்தப் போட்டியில் ஓடியபோது, நிர்வாகி ஒருவர் தடத்திலேயே பாய்ந்து அவரை வெளியே இழுக்க முயன்ற புகைப்படத்தை என் மகளிடம் காட்டினேன். 1972ஆம் ஆண்டில்தான் பெண்கள் அங்கே முறைப்படி ஓட அனுமதிக்கப்பட்டார்கள் என்று சொன்னபோது, "அப்படியானால் பாட்டி பிறந்த பிறகுமா?" என்று அவள் கேட்ட கேள்வி இன்னும் என்னுடன் இருக்கிறது.

என் சிக்கல் டூட்டி லிஸ்ட். காலை, மதியம், இரவு என்று பணி மாறிக்கொண்டே இருக்கும். மாதத்தில் ஏழெட்டு இரவுப் பணிகள், இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்கள் எல்லாமே செவ்வாய் இன்டர்வல் (விட்டு விட்டு வேகமாக ஓடுவது), வியாழன் டெம்போ (சீரான விரைவு ஓட்டம்), ஞாயிறு லாங் ரன் (நெடுந்தூர ஓட்டம்) என்று வாரக் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு ஓய்வாகக் கிடைத்தாலே பெரிது. சென்ற முறை 18 வாரத் திட்டம் ஒன்றைப் பின்பற்றி, ஐந்தாவது வாரத்தில் விட்டுப்போன ஓட்டங்களை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடியதில் முழங்காலுக்குக் கீழ் எலும்பின் உட்புறம் வலி கண்டு மூன்று வாரம் படுத்தது. இப்போது அந்த வலி இல்லை. வாரத்துக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் ஓடுகிறேன்.

என் வயதுப் பிரிவுக்கு 3 மணி 35 நிமிடம் தேவை என்று படித்தேன். 27 நிமிடத்தைக் குறைப்பது என்னைப் போன்ற ஒருவரால் ஆகக்கூடியதா? எந்தப் போட்டியைத் தேர்ந்தெடுக்கலாம்? மாறி மாறி வரும் பணி நேரத்துக்குள் பயிற்சியை எப்படிப் பொருத்துவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: பாலமதி அடிவாரம்

அக்கா, வணக்கம். நான் பாகாயம் பக்கம் வசிக்கும் கல்லூரி மாணவன். வேகம் வேண்டுமென்றால் வேகப் பயிற்சிதான் வழி என்பது என் அனுபவம். வாரத்துக்கு இரண்டு நாள் நேதாஜி விளையாட்டரங்கத்தில் இன்டர்வல் ஓடுங்கள். பார்ட் யாஸோவின் பெயரால் அறியப்படும் 800 மீட்டர் பயிற்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 3 மணி 35 நிமிடத்தில் மாரத்தான் ஓட விரும்புபவர், 800 மீட்டரை 3 நிமிடம் 35 வினாடியில் ஓடி, அதே அளவு நேரம் மெதுவாக ஓடி இளைப்பாறி, இப்படிப் பத்து முறை செய்ய முடிந்தால் இலக்கு எட்டக்கூடியதே என்பது அதன் கணக்கு. அதோடு பத்து நாளுக்கு ஒருமுறை பாலமதி மலைச் சாலையில் ஏறி ஓடினால் கால்கள் உறுதிப்படும். விட்டுப்போன நாட்களை மறுநாள் மாலையில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றே நான் நினைக்கிறேன்.

பதில் 2: ஜோலார்பேட்டை லோகோ

சகோதரிக்கு வணக்கம். நான் ரயில்வேயில் லோகோ பைலட். எந்த நாள், எந்த மணிக்கு வண்டி ஏறுவேன் என்பது என் கையில் இல்லாத வேலையில் 26 ஆண்டுகளாக இருந்துகொண்டு, அதற்குள் 11 ஆண்டுகளாக மாரத்தான் ஓடிவருகிறேன். எனவே உங்கள் கேள்வியைப் படித்ததும் நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு நல்ல செய்தி. பாஸ்டனுக்கு வயது கணக்கிடப்படுவது நீங்கள் தகுதி நேரம் ஓடும் நாளில் அல்ல. பாஸ்டனில் ஓடும் நாளில். அந்தப் போட்டி ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை நடக்கிறது. அதற்கான பதிவு முந்தைய செப்டம்பரிலேயே முடிந்துவிடும். நீங்கள் வரும் பிப்ரவரியில் ஒரு மாரத்தான் ஓடி, அந்த நேரத்தை வைத்து செப்டம்பரில் விண்ணப்பித்தால், ஓடப்போவது அதற்கடுத்த ஏப்ரலில். மார்ச்சில் பிறந்த உங்களுக்கு அப்போது 45 நிறைந்திருக்கும். ஆகவே உங்களுக்குரிய நேரம் 40 முதல் 44 வயதுக்கான 3 மணி 35 நிமிடம் அல்ல. 45 முதல் 49 வயதுப் பெண்களுக்கான 3 மணி 45 நிமிடம். 2026ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து 60 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாப் பிரிவினருக்கும் 5 நிமிடம் குறைக்கப்பட்ட பிறகான கணக்கு இது. அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் பதிவுக்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லோரும் கடைசியில் அறிந்துகொண்டு வருந்தும் விஷயம். தகுதி நேரத்தைத் தொட்டாலே இடம் கிடைத்துவிடாது. விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுந்தால், தகுதி நேரத்தைவிட எவ்வளவு வேகமாக ஓடினார்கள் என்ற வரிசைப்படியே எடுத்துக்கொள்வார்கள். 2023ஆம் ஆண்டில் தகுதி நேரத்துக்குள் ஓடி விண்ணப்பித்த அனைவருக்கும் இடம் கிடைத்தது; 2024இல் 5 நிமிடம் 29 வினாடி, 2025இல் 6 நிமிடம் 51 வினாடி, 2026இல் 4 நிமிடம் 34 வினாடி கூடுதல் வேகம் தேவைப்பட்டது. நான் 2025 போட்டிக்கு விண்ணப்பித்தவன். என் பிரிவுக்கு அப்போது 3 மணி 25 நிமிடம். என் நேரம் 3 மணி 20 நிமிடம். ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன், இடம் கிடைக்கவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மின்னஞ்சலைக் காட்பாடியில் ஓய்வறையில் உட்கார்ந்து படித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் இலக்கு 3 மணி 45 அல்ல, 3 மணி 39 என்று இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 11 வினாடி.

இது ஆகக்கூடியதா என்றால், ஆகும் என்றே உங்கள் எண்கள் சொல்கின்றன. 30 கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 30 வினாடியில் ஓடியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு 6 நிமிடம் 19 வினாடி. முதல் வேகம் கடைசி வரை நின்றிருந்தால் 3 மணி 52 நிமிடத்தில் முடித்திருப்பீர்கள். ஹாஃப் நேரத்தை 2.085ஆல் பெருக்கினால் முழு மாரத்தான் நேரம் ஏறக்குறைய வரும். அது ரீகல் என்பவர் வகுத்த சூத்திரம். உங்கள் 112 நிமிடத்தைப் பெருக்கினால் 3 மணி 53 நிமிடம் வருகிறது. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். உங்களிடம் இருக்கும் வேகத்தையே நீங்கள் முழுதாகச் செலவிடவில்லை. குறைவு வேகத்தில் இல்லை, தாங்கும் வலுவில் இருக்கிறது. ஆகவே தம்பி பாலமதி சொன்னதிலிருந்து நான் சற்று வேறுபடுகிறேன். யாஸோ 800 ஒரு நல்ல சோதனை. ஆனால் அது 30ஆவது கிலோமீட்டரில் நடப்பதைக் காட்டாது. வேகக்கால் உள்ளவர்களுக்கு உண்மையைவிட நல்ல விடையையே அது கொடுத்துவிடும். வாரத்துக்கு இரண்டு இன்டர்வல் என்பது 20 வயதுக் காலுக்குப் பொருந்தலாம். எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வரும் காலுக்குப் பொருந்தாது. விட்டுப்போனதை மறுநாள் சேர்த்து ஓடுவது வேண்டவே வேண்டாம். சகோதரிக்கு வந்த எலும்பு வலியே அதனால் வந்ததுதான்.

இனி நீங்கள் கேட்ட முதன்மையான கேள்விக்கு வருகிறேன். வாரம் என்ற கணக்கையே விட்டுவிடுங்கள். நம் உடலுக்கு ஞாயிற்றுக்கிழமை எது என்று தெரியாது. கடைசியாகக் கடினமாக ஓடியது எப்போது, அதற்குப் பிறகு எவ்வளவு தூங்கினோம் என்பது மட்டுமே தெரியும். நான் பத்து நாளை ஒரு சுற்றாக வைத்துக்கொள்கிறேன். டூட்டி லிஸ்ட் கையில் வந்ததும், அந்தப் பத்து நாளில் மூன்று ஓட்டங்களுக்கு மட்டும் முதலில் இடம் பார்ப்பேன். ஒன்று லாங் ரன், ஒன்று மாரத்தான் வேகத்தில் ஓடுவது, ஒன்று அதைவிடச் சற்று விரைவானது. இந்த மூன்றுக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்க வேண்டும். இரவுப் பணி முடிந்த அன்றும் அதற்கு மறுநாளும் இவற்றில் எதுவும் வரக்கூடாது. எஞ்சிய நாட்களில் மூன்று அல்லது நான்கு மெதுவான ஓட்டங்கள், 40 முதல் 60 நிமிடம். அவை விட்டுப்போனால் போகட்டும். மூன்று ஓட்டங்களில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போதிருந்து பிப்ரவரி பிற்பகுதி வரை ஏறக்குறைய 210 நாட்கள், 21 சுற்றுகள். முதல் ஆறு சுற்றில் வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் ஓடி, லாங் ரன்னை 16இலிருந்து 22 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வேலூரின் விடியற்காலைப் புழுக்கத்தில் உங்கள் மெதுவான வேகம் 6 நிமிடம் 40 வினாடியாகக்கூட இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள். உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகும் இரத்தம் காலுக்குக் கிடைக்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த ஒன்பது சுற்றில் மாரத்தான் வேகம் உள்ளே வரும். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 8, பிறகு 12. விரைவான ஓட்டத்துக்கு, கிலோமீட்டருக்கு 5 நிமிடத்தை ஒட்டிய வேகத்தில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை ஓடினால் போதும். அதற்கடுத்த நான்கு சுற்றுகள்தான் உச்சம். 28 முதல் 32 கிலோமீட்டர் வரையிலான லாங் ரன், அதில் கடைசி 10 அல்லது 12 கிலோமீட்டர் 5 நிமிடம் 15 வினாடி வேகத்தில். சென்னையில் உங்களைக் கைவிட்ட அந்த 12 கிலோமீட்டரை ஒத்திகை பார்ப்பது இந்த ஓட்டங்களில்தான். கடைசி இரண்டு சுற்றில் தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

டிசம்பரில் ஒரு ஹாஃப் ஓடிப் பாருங்கள். 1 மணி 47 நிமிடம் வந்தால் 3 மணி 43 உங்கள் கைக்குள் இருக்கிறது. 1 மணி 45 வந்தால் 3 மணி 39. வராவிட்டால் பிப்ரவரியில் 3 மணி 39 வேகத்தில் தொடங்காதீர்கள், மறுபடியும் 30இல் நிற்க நேரும்.

போட்டி என்றால் என் தேர்வு பிப்ரவரி இறுதியில் நடக்கும் புது தில்லி மாரத்தான். தடம் சமதளம், விடியற்காலை குளிர்ச்சி. வேலூர் வெயிலில் பழகிய உடலுக்கு அந்தக் குளிர் பெரிய உதவி. மும்பையில் ஜனவரி மூன்றாவது ஞாயிறு நடப்பது சிறந்த போட்டிதான். ஆனால் கடலோரப் புழுக்கமும், திரும்பும் வழியில் கால் சோர்ந்திருக்கும் கட்டத்தில் வரும் பெடர் சாலை ஏற்றமும் நேரம் குறித்து ஓடுபவர்களுக்கு ஏற்றவை அல்ல. இன்னொன்றும் முக்கியம். எந்தப் போட்டியாக இருந்தாலும், தடம் முறைப்படி அளந்து சான்று பெற்றதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நான் ஓடிய மாரத்தானில் தடமே முக்கால் கிலோமீட்டர் குறைவாக இருந்தது. கையில் பதக்கமும் மனத்தில் சங்கடமுமாகத் திரும்பினேன். நான்கு மாத உழைப்பு பதிவுக்கு உதவாமல் போயிற்று.

தம்பி சொன்ன மலை ஓட்டத்தில் ஒன்றே ஒன்று. முதல் ஆறு சுற்றுகளில் பாலமதி ஏறுங்கள், மிக நல்லது. நான் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஓடித்தான் தொடை வலுப்பெற்றேன். ஆனால் இறங்கும்போது நடந்து இறங்குங்கள். ஓடி இறங்கிய மறுநாள் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால் தெரியும்.

பதில் 3: ராணிப்பேட்டை இயன்முறை

சிஸ்டர், நான் இயன்முறை மருத்துவர். இரண்டு குழந்தைகளின் தாய். மேலே ஜோலார்பேட்டை அண்ணன் எழுதிய ஓட்டக் கணக்கில் எனக்குச் சேர்க்க எதுவுமில்லை. உடலைப் பற்றி மூன்று விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

உங்களுக்கு வந்த வலி மீண்டும் தலைகாட்டினால், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால், ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒற்றை விரல் வைக்கும் அளவு இடத்தில், எலும்பின் மேலேயே சுள்ளென்று வலித்தாலோ, ஓடாத இரவிலும் வலித்தாலோ, அது எலும்பில் விழுந்த நுண்ணிய முறிவாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வார்டில் மற்றவர்களின் வலியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தம் வலியை ஒத்திப்போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து இரும்புச் சத்து. ஓடும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடலில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருப்பது மிகவும் சாதாரணம். மாதவிடாய் இரத்தப்போக்கு அதிகமாகும் நாற்பதுகளில் இன்னும் கூடுதலாகக் காணப்படும். காரணமே தெரியாமல் வேகம் குறைவதும், படியேறினால் மூச்சு வாங்குவதும் பல நேரம் இதனால்தான். ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். உணவோடு சேர்த்துக் காபி, டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், கீரையோடும் கேழ்வரகோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கெண்டைக்கால். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக இறக்கி மெதுவாக ஏற்றுங்கள். முழங்காலை நேராக வைத்து 15, சற்று மடக்கி 15, இப்படி மூன்று முறை. முதல் மாதம் வெறுமனே செய்யுங்கள். அதன் பிறகு தோள்பையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்து மாட்டிக்கொண்டு செய்யுங்கள். முழங்காலை மடக்கிச் செய்யும்போது வேலை செய்யும் உள்தசைதான் 30 கிலோமீட்டருக்குப் பிறகு உங்களைத் தாங்கப்போவது. மூன்று நாளுக்கு ஒருமுறை, குக்கர் விசில் அடிக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்ததும், "ஓடிவிட்டுத் தூங்கலாம்" என்று தோன்றும். வேண்டாம். அறையை இருட்டாக்கிவிட்டு முதலில் தூங்குங்கள். மாலை 5 மணிக்கு மேல் உடல் இடம் கொடுத்தால் அரை மணி நேரம் மெதுவாக ஓடுங்கள், இல்லாவிட்டால் நடங்கள்.

சத்துவாச்சாரி செவிலி

அண்ணா, தம்பி, டாக்டர் மூவருக்கும் நன்றி. 3 மணி 45 நிமிடம் என்ற வரியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன்.

இரண்டு சந்தேகங்கள். காலைப் பணிக்கு 6:30க்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதால், அந்த நாட்களில் 4:15க்கு ஓடத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் எதையும் சாப்பிட முடிவதில்லை. வெறும் வயிற்றிலேயே ஓடிவருகிறேன். லாங் ரன்னுக்கும் அது சரியாக வருமா? சென்னையில் வழியில் கொடுத்த தண்ணீரை மட்டுமே குடித்தேன், வேறு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, அந்த இருட்டில் தனியாக ஓடுவது. நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையில் லாரிகளும் நாய்களும் தொல்லை. கணவர் இரண்டு முறை பைக்கில் பின்னாலேயே வந்தார். அவருக்கும் காலை வேலை இருப்பதால் தினமும் அது நடவாது.

ஜோலார்பேட்டை லோகோ

சென்னையில் 30இல் கால் நின்றதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கும். தசைகளில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து அந்தத் தூரத்தில்தான் தீர ஆரம்பிக்கிறது. 50 நிமிட ஓட்டத்துக்கு வெறும் வயிறு பரவாயில்லை. லாங் ரன்னுக்கும் மாரத்தான் வேக ஓட்டத்துக்கும் கூடாது. எழுந்ததும் நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றும் அரை டம்ளர் காபியும் போதும். முந்தைய இரவு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சோறு சாப்பிடுங்கள். நம் பக்கத்துக் கேழ்வரகுக் கூழ் எனக்குப் பிடித்தது, ஓடி முடித்த பிறகு மோர் ஊற்றி இரண்டு சொம்பு குடிப்பேன். ஓடுவதற்கு முன் வேண்டாம், வயிற்றில் கனமாக நிற்கும்.

வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை. ஓடும்போதே விழுங்கக்கூடிய, கூழ் போன்ற ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். விலை அதிகம் என்பதால் பயிற்சியில் நான் அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் வெல்லம், எலுமிச்சைச் சாறு, இரண்டு சிட்டிகை உப்பு கலந்து எடுத்துப்போகிறேன். நான்கைந்து லாங் ரன்களில் மட்டும் போட்டியில் எடுக்கப்போகும் அதே ஜெல்லை எடுத்து வயிற்றைப் பழக்குகிறேன். முதல் ஜெல்லை 40ஆவது நிமிடத்திலேயே எடுக்க வேண்டும். களைத்த பிறகு எடுத்தால் பயனில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் சோடியம் இறங்கி என்ன ஆகும் என்பதை நீங்கள் வார்டில் பார்த்திருப்பீர்கள், தாகத்துக்குக் குடித்தால் போதும்.

தில்லிக்குப் போகக் காட்பாடி வழியாகச் செல்லும் கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி, முன்பதிவு தொடங்கிய அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள். விடுப்பு எழுதிக் கொடுப்பதையும் அப்போதே செய்துவிடுங்கள்.

பாலமதி அடிவாரம்

அக்கா, ஈடுசெய்து ஓடலாம் என்று நான் எழுதியது தவறு என்பது அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு புரிகிறது. என் பயிற்சியிலும் அதை மாற்றிக்கொள்கிறேன். ஓடும் இடத்துக்கு என்னால் உதவ முடியும். கோட்டைக்கு எதிரே ஞாயிறு, புதன் இரு நாட்களும் காலை 4:45க்கு நாங்கள் ஆறு பேர் கூடுகிறோம். அவர்களில் இருவர் பெண்கள், ஒருவர் உங்களைப் போலவே மருத்துவமனைப் பணியாளர். கோட்டையிலிருந்து பாகாயம் சென்று, ஸ்ரீபுரம் செல்லும் சாலையில் போய்த் திரும்புவோம். விளக்கு ஓரளவு இருக்கிறது, அந்த நேரத்தில் கோயிலுக்குச் செல்பவர்களின் நடமாட்டமும் உண்டு. நெற்றி விளக்கும் ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலங்கியும் அவசியம். எங்களிடம் கூடுதலாக ஒரு மேலங்கி இருக்கிறது, எடுத்து வருகிறேன். நீங்கள் தனியாக ஓட நேரும் நாட்களில் விளையாட்டரங்கத்தின் உள்ளேயே சுற்றி ஓடுவது நல்லது. சலிப்பாக இருந்தாலும் நாய்த் தொல்லை இல்லை. அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் ஷூ காய்வது பெரும்பாடு. உள்தகட்டை வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாளைக்குக் காய்ந்துவிடும்.

சத்துவாச்சாரி செவிலி

ஆகஸ்ட் டூட்டி லிஸ்ட் இன்று மாலை வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, அண்ணன் சொன்னபடி இரவுப் பணிகளையும் அவற்றின் மறுநாட்களையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, எஞ்சியவற்றில் மூன்று ஓட்டங்களைப் பச்சையில் எழுதினேன். வாரக் கணக்கில் பார்த்தபோது இடமே இல்லாத மாதம், பத்து நாள் கணக்கில் மூன்று சுற்றுக்கும் இடம் கொடுத்தது. முதல் லாங் ரன் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்து விழுகிறது. அன்று எனக்கு மதியப் பணி என்பதால், மாமியாருக்கு ஊசி போடும் நேரத்துக்கு முன் 16 கிலோமீட்டரை முடித்துவிடலாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், தன் பாடத்தேர்வு நாட்களையும் அதே தாளில் நீல மையால் எழுதிவிட்டாள். அந்த நாட்களில் 4 மணிக்கு அவளையும் எழுப்பிவிட வேண்டுமாம்.

ஃபெரிட்டின் பரிசோதனைக்கு இன்று இரத்தம் கொடுத்துவிட்டேன், முடிவு நாளை மறுநாள் தெரியும். தம்பி, இந்த ஞாயிறு எனக்கு மதியப் பணிதான். 4:45க்கு முன்பே கோட்டைக்கு எதிரே வந்துவிடுவேன். மஞ்சள் நிற டி-ஷர்ட் அணிந்திருப்பேன். எனக்கு 6 நிமிடம் 40 வினாடி வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் ஓடுபவர் யாரேனும் இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள்.